மடிக்கணினிக்குப் பொன்னாடை

மாண்புமிகு வாசகப் பெருமக்களே, அச்சகத்தார் அவர்களே, மெய்ப்புத் திருத்துநர் அவர்களே, இதை இரவல் வாங்கிப் படிக்கவிருக்கும் அன்பர்களே, படிக்காமலேயே கருத்துச் சொல்லவிருக்கும் சான்றோர்களே! தமிழ்கூறு நல்லுலகம் நெடுங்காலம் காத்திருந்த அறிவிப்பு ஒன்றை வெளியிடும் பெரும்பேறு இன்று எனக்கு வாய்த்திருக்கிறது. மலேசியாவின் கிள்ளானில், ஓர் இரட்டை மாடி வரிசை வீட்டின் சாப்பாட்டு மேசையில், மனித அறிவை இணையத்தின் வழியே வருமானமாக மாற்றும் மாபெரும் முயற்சி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் வரலாறு இது.

(தொடங்கி வைக்கப்பட்டது என்பதை மட்டும் கவனியுங்கள். நடந்ததா என்பது பிறகு.)

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனை ஊற்றிலிருந்து பீறிட்டு வரவில்லை. கிள்ளானில் கிஃபாயத்துல்லா பாயின் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றித் தரும் ‘தே தாரேக்’ தேநீருக்குக் காத்திருந்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடி பாய் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒரு டத்தோ பேசிக்கிட்டு இருக்காரு. பாதி வாக்கியம். நம்ம வாத்தியாரு அப்படியே நிறுத்திப்புட்டாருலா! என் கண்ணால பாத்தேன்.”

சுல்தான் கையால் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரைப் பேச்சின் நடுவில் யாராவது நிறுத்தினார்கள் என்று இந்த நாட்டில் நான் கேள்விப்பட்டதில்லை. மின்தடை வந்திருக்கிறது, ஒலிபெருக்கி இல்லாமல் பேசியிருக்கிறார்கள். மழை வந்திருக்கிறது, குடை பிடிக்கச் சொல்லிப் பேசியிருக்கிறார்கள். என் தே ஆறி ஆடை கட்டும்வரை அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: கிள்ளான் ஆற்றின் மீது அந்திச் சூரியன் தன் பொற்கதிர்களை —

வேண்டாம். என் நாயகன் ஆற்றைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. பாலத்தைக் கடக்கும்போது அவன் பார்ப்பதெல்லாம் முன்னால் நிற்கும் லோரியின் பின்பக்கத்தைத்தான்.

இரண்டாம் தொடக்கம்: அறிவு என்பது யாது? கிரேக்கர்கள் இதைப் பற்றி —

இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: கிளாரன்ஸுக்கு வேலை போய்விட்டது.

இது இருக்கட்டும்.

2

கிளாரன்ஸுக்கு வேலை போய்விட்டது. வங்கி அதை ‘தன்விருப்ப ஓய்வு’ என்று சொன்னது; விருப்பம் வங்கியுடையது. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் பிரிவு விருந்து கொடுத்தார்கள். விருந்தின் முடிவில் நன்றியுரை ஆற்ற ஆள் தேடினார்கள். எப்போதும் ஆற்றுகிறவன் கிளாரன்ஸ்தான் என்பதால் அன்றும் அவனே எழுந்து, தன்னை வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி நன்றி கூறினான். மனிதவளப் பிரிவின் மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் மனைவி பெர்னடெட் பல் மருத்துவமனை ஒன்றில் பதிவு முகப்பில் வேலை செய்பவள். வலியோடு வருகிறவர்களைக் காத்திருக்க வைத்துப் பழகியவள் ஆதலால் அவளிடம் பதற்றம் கிடையாது. செய்தியைக் கேட்டு அவள் சொன்னது ஒன்றுதான்: “அண்ணன்கிட்ட பேசட்டுமா?”

அண்ணன் என்பது லியோனல். ரவாங்கில் லோரி கம்பெனி வைத்திருப்பவர். போன வருடம் டத்தோ ஆனார். (இந்தக் கதையில் லியோனலுக்கு ‘அவர்’, கிளாரன்ஸுக்கு ‘அவன்’. கிளாரன்ஸுக்கும் பட்டம் கிடைத்தால் திருத்தி எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.) பெர்னடெட் பேசுவதற்கு முன்பே அவர் பேசிவிட்டார்.

“மாப்ள, ஒன்னும் யோசிக்காதலா. நம்ம கம்பெனி இருக்குல்ல? ஃபோட்டோஸ்டேட் மெஷினுக்குப் பக்கத்துல ஒரு மேச காலியாத்தான் கிடக்கு. வந்து உக்காரு. லோரி பெர்மிட் எல்லாம் நீ பாத்துக்கோ. நம்ம ஆளு நீ.”

நல்ல மனதோடு சொன்னதுதான். கிளாரன்ஸுக்கு அந்த மேசை உடனே கண்ணில் தெரிந்தது. அதைவிடத் தெளிவாக, வருங்காலக் கிறிஸ்மஸ் விருந்துகள் ஒவ்வொன்றும் வரிசையாகத் தெரிந்தன. ஆட்டுக்கறித் தட்டை நீட்டிக்கொண்டே மச்சான் எல்லார் காதிலும் விழும்படி சொல்வார்: “சாப்புடு, சாப்புடு. திங்கக்கெழம நல்லா வேல வாங்கணும்ல.” எல்லாரும் சிரிப்பார்கள். கிளாரன்ஸும் சிரிக்க வேண்டும். உயிர் இருக்கும்வரை சிரிக்க வேண்டும்.

[இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். லியோனல் வில்லன் ஆகிக்கொண்டு போகிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கிளாரன்ஸின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் ரவாங்கிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வந்தவர் இதே லியோனல்தான். பிறகு அதைத் தினமும் சொல்லியவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.]

“எனக்குக் கொஞ்சம் டைம் கொடு பெர்னி,” என்றான் கிளாரன்ஸ். “நானே ஏதாவது செய்றேன்.”

“கிறிஸ்மஸ் வரைக்கும்,” என்றாள் பெர்னடெட். “அதுக்கப்புறம் ரவாங். நீங்க வீட்ல உக்காந்து ஃபேன எண்றத என்னால பாக்க முடியாது.”

3

ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற நடுத்தர வயது மனிதனை இணையம் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறது. மறுநாள் காலையே கிளாரன்ஸின் கைப்பேசியில் ஓர் இளைஞன் தோன்றினான். காடிக்குள் உட்கார்ந்திருந்தான். காடியின் விலை தெரியும்படி கோணம் வைத்திருந்தான். “உங்க தலைக்குள்ள ஒரு தங்கச் சுரங்கம் இருக்கு, பிரதர்! உங்களுக்குத் தெரிஞ்சத ஆன்லைன்ல சொல்லிக் கொடுங்க. நீங்க தூங்கும்போதும் காசு வரும்!”

கிளாரன்ஸ் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தான். வங்கிக் கடன் விண்ணப்பங்களை நிராகரிக்கத் தெரியும். அதைக் கற்க யாரும் காசு கொடுத்து வரமாட்டார்கள். சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் காடி நிறுத்த இடம் பிடிக்கத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தால் தனக்கே இடம் கிடைக்காது. பிறகு சுரங்கத்தில் இருட்டுத்தான்.

“எனக்கு என்னதான் தெரியும் பெர்னி?”

பெர்னடெட் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நன்றியுரை,” என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள் என்று நான் முதல் வரைவில் எழுதியிருந்தேன். இப்போது அதில் எனக்கு உறுதியில்லை.

ஏனென்றால் கிளாரன்ஸுக்கு அது நிஜமாகவே தெரியும். பங்குக் கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, திருமண விருந்து, எதுவானாலும் கடைசியில் ஒலிவாங்கி அவன் கைக்கு வந்து சேரும். மற்றவர்கள் மேடையில் இருப்பவர்களிலிருந்து நன்றியை ஆரம்பித்து, கூட்டம் எழுந்து போகும்போது ‘மற்றும் பலருக்கும்’ என்று முடிப்பார்கள். கிளாரன்ஸ் தலைகீழாகச் செய்வான். வெயிலில் நின்று காடிகளுக்குக் கைகாட்டியவரிலிருந்து ஆரம்பிப்பான். வெங்காயம் உரித்தவர்களின் பெயர் தெரியும். நாற்காலி அடுக்குகிற அங்கிளின் முழங்கால் வலி தெரியும். நன்றி வாங்கியவர்கள் அடுத்த வருடம் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள்.

இன்னொரு சூட்சுமமும் அவனிடம் உண்டு. முடிக்கத் தெரியாத பேச்சாளர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்து, எழுந்து, “டத்தோ அவர்களின் பொன்னான சொற்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி” என்பான். கூட்டம் பசியோடு கைதட்டும். கைதட்டலுக்கு மேல் யாராலும் பேச முடியாது. நாகரிகமான சமூகத்தில் ஒரு பெரிய மனிதரை நிறுத்துவதற்கு அனுமதிக்கப்பட்டிருக்கும் ஒரே ஆயுதம் நன்றி. அதை அவன் எல்லார் மீதும் பிரயோகித்திருக்கிறான், ஒரே ஒருவரைத் தவிர. மச்சான் பேசும்போது கிளாரன்ஸ் எழுந்ததே இல்லை.

“நன்றியுரைய போய் யாரு காசு கொடுத்துப் படிப்பா?”

“சொல்லிப் பாருங்க. கிள்ளான்ல இருக்கிற அத்தன பேருக்கும் நன்றி சொல்லியாச்சு. என் பேருதான் எதுலயும் வரல.”

“வீட்டு ஆளுக்கு யாராச்சும் மேடையில நன்றி சொல்லுவாங்களா?”

“‘என் குடும்பத்தாருக்கும்’னு கடைசியா ஒன்னு சொல்லுவீங்களே. அதுல நானும் இருக்கேன், பூனையும் இருக்கு.”

வகுப்புக்கு ‘மேடையை வெல்லும் நன்றியுரை’ என்று பெயர் வைத்தான். சனிக்கிழமை காலைகளில், காணொளி வழியே. கிளாரன்ஸின் மின்னஞ்சல் முகவரியை அவனுடைய நுழைவட்டையோடு சேர்த்து வங்கியே வாங்கிக்கொண்டுவிட்டதால், கணக்கைப் பெர்னடெட்டின் பெயரில் திறந்தார்கள்.*

* காணொளிக் கூட்டத்தைத் திறக்கவும், காத்திருப்பவர்களை உள்ளே விடவும், கூட்டத்தை மொத்தமாக இழுத்து மூடவும் கணக்குக்காரருக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. கோயில் சங்கங்களில் பொருளாளருக்கு இருக்கும் இடம் இது. பெர்னடெட் அந்தப் பொறுப்பைச் சமையலறையிலிருந்து, கைப்பேசியில் நிர்வகித்தாள்.

4

இந்த இடத்தில்தான் கிளாரன்ஸ் தவறு செய்கிறான். கதாசிரியன் என்ற முறையில் நான் அவனைத் தடுத்திருக்கலாம். ஆனால் தடுத்திருந்தால் அவன் மலேசியத் தமிழனாக இருக்க மாட்டான்.

“திறப்பு விழாவுக்கு யாரக் கூப்புடலாம்?” என்றான்.

“எதுக்குத் திறப்பு விழா?”

“வகுப்புக்குத்தான்.”

“கம்ப்யூட்டர்ல கிளாஸ் எடுக்க எதுக்குங்க திறப்பு விழா? ஆன் பண்ணா திறந்துக்கும்.”

“பெர்னி, முறைன்னு ஒன்னு இருக்கு.”

அவன் வாழ்க்கையில் எந்த நல்ல காரியமும் பிரமுகர் இல்லாமல் தொடங்கியதில்லை. பூப்பந்துப் போட்டியை ஒருவர் திறந்து வைத்தார். ரத்ததான முகாமை ஒருவர் திறந்து வைத்தார், தானம் செய்யாமலேயே. இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, திறப்புரை, வாழ்த்துரை, பொன்னாடை. இவை இல்லாமல் ஒன்று தொடங்கினால் அது தொடங்கியதாக அவன் மனம் ஏற்காது. ஒரு டத்தோ வேண்டும். சனிக்கிழமை காலை சும்மா இருக்கிற, காசு கேட்காத டத்தோ அவனுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான்.

ஆக, எந்த மனிதரிடமிருந்து தப்பிப்பதற்காக வகுப்பு தொடங்கினானோ, அந்த மனிதரையே வகுப்பைத் தொடங்கி வைக்க அழைத்தான். (இதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கப் போவதில்லை.)

சனிக்கிழமை விடிந்தது. முதல் வகுப்பு இலவசம் என்று அறிவித்திருந்ததால் ஆட்கள் வந்தார்கள். கல்லாவிலிருந்தே கிஃபாயத்துல்லா பாய். அவர் கடையின் ஆண்டு விழாவில் பேச வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் சங்கச் செயலாளர் சீதாலெட்சுமி. கழிப்பறைக் கதவைச் சரிசெய்யச் சொல்லி எந்தக் கூட்டத்தில் எழுந்தாலும் தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொள்கிறார் என்பது அவர் குறை. அம்பாங்கிலிருந்து வாசு, மகள் கல்யாணம் வருகிறது, கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இன்னும் சிலர், படம் காட்டாமல் பெயரை மட்டும் காட்டிக்கொண்டு.

இறைவணக்கம் மூன்று, யாரும் மனம் கோணக் கூடாது என்பதற்காக. சீதாலெட்சுமி வீட்டில் குத்துவிளக்கு ஏற்றி, கைப்பேசியை அதனருகே கொண்டுபோய் எல்லாருக்கும் சுடரைக் காட்டினார். பாய் துஆ ஓதி, நடுவில் “அண்ணே, ‘தப்பாவ்’ கட்டித் தரவா, இங்கேயே சாப்பிடுறீங்களா?” என்று ஒரு வாடிக்கையாளரையும் விசாரித்து, ஆமீன் சொன்னார். கிளாரன்ஸ் கிறிஸ்துவ மன்றாட்டைச் சொன்னான். அதன் பிறகு காத்திருந்தார்கள், டத்தோ இன்னும் வரவில்லை.

வந்தார். ரவாங் அலுவலகத்தில், கோட்டுப் போட்டு, முன்னால் பூச்செண்டு வைத்து, பின்னால் லோரிகள் வரிசையாகத் தெரிய உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது.

“டத்தோ, மியூட்ல இருக்கீங்க,” என்றார் வாசு. அன்று முழுவதும் வாசுவின் நாக்கு ஒட்டாமல் வந்த ஒரே வாக்கியம் அது.

அடுத்து பொன்னாடை. டத்தோ ரவாங்கில்; ஆடை கிள்ளானில். இதையெல்லாம் யோசிக்காமல் நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தான் கிளாரன்ஸ். ஒரு கணம் தடுமாறினான். பிறகு, திரையில் மச்சானின் முகம் பெரிதாகத் தெரிந்த நேரம் பார்த்து எழுந்து நின்று, ஜரிகைக் கரை போட்ட அந்த மஞ்சள் ஆடையை விரித்து, மடிக்கணினியின் தோளில் பயபக்தியோடு போர்த்தினான்.

கேமரா இருப்பது அந்தத் தோளில்தான். கூட்டம் முழுவதும் மஞ்சளானது.

“என்னாலா இது? ஒரே மஞ்சளா இருக்கு. உன் கேமரா கெட்டுப் போச்சா?”

“உங்களுக்குப் பொன்னாடை, டத்தோ!” என்றது ஆடைக்குள்ளிருந்து கிளாரன்ஸின் குரல்.

“எனக்கா? நான் ரவாங்ல இருக்கேன்டா!”

“மாஷா அல்லாஹ்,” என்றார் பாய்.

பொன்னாடை விலக்கப்பட்டது. திறப்புரை தொடங்கியது.

5

திறப்புரையை முழுவதும் எழுதி வைத்திருந்தேன். வெட்டிவிட்டேன். சுருக்கம் இதுதான்: லியோனல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். கஷ்டப்பட்டார். முதல் லோரி வாங்கினார். இரண்டாவது லோரி வாங்கினார். எட்டாவது லோரியின்போது சீதாலெட்சுமியின் விளக்குக்கு எண்ணெய் விட வேண்டி வந்தது. கிளாரன்ஸ் நாற்காலி நுனியில், முகத்தில் புன்னகையை ஆணியடித்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தான்.

“இப்ப என் மாப்பிள்ளையப் பத்தி ரெண்டு வார்த்த,” என்றார் டத்தோ. “என் தங்கச்சி புருஷன். நல்லாப் பேசுவாரு. பேச மட்டும்தான் தெரியும்னு வைங்களேன், ஹா ஹா. பாவம், வேல போச்சு. மனுஷன் சும்மா இருக்க முடியாதுல்ல? அதான் இந்த கிளாஸ், கிளிஸ் எல்லாம். சின்னப் புள்ளைங்க வீடு கட்டி வெளாடுற மாதிரி. ரெண்டு மூணு வாரம் ஓடும். நீங்க அவருக்காக ஒன்னும் கவலப்படாதீங்க. நான் எதுக்கு இருக்கேன்? இத இன்னிக்கே, உங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். மாப்பிள்ள ஜனவரியிலேர்ந்து நம்ம —”

திரை கறுத்தது. கூட்டம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரி வந்தது. அவ்வளவுதான்.

மூச்சு வாங்குகிற இடம் அந்தப் பேச்சில் நிறைய இருந்தது. ‘ஹா ஹா’வுக்குப் பிறகு ஒரு நல்ல இடம். கிளாரன்ஸ் எழவில்லை. அவனையே மூட வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசைதான். கணக்குத்தான் அவனுடையது இல்லையே. போகட்டும், இணையக் கம்பியையாவது பிடுங்கட்டும் என்று ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். ‘கிளாரன்ஸின் விரல்கள் மெல்ல நகர்ந்து கம்பியை —’ நகரவில்லை. அவன் கை இரண்டும் பொன்னாடையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தன.

எழுந்து சமையலறைக்குப் போனான். பெர்னடெட் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசி உப்பு ஜாடியில் சாய்ந்து கிடந்தது. அவள் தலை நிமிரவில்லை.

“கட்டாயிடுச்சு,” என்றான்.

“ஃப்ரீ அக்கவுண்ட்தானே. நாப்பது நிமிஷம்தான் கொடுப்பான். அப்புறம் தானா கட்டாயிடும்.”

“சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வரிகூட நான் சொல்லிக் கொடுக்கலியே!”

“எப்ப சொல்றது? நீங்க கம்ப்யூட்டருக்குச் சால்வ போத்திக்கிட்டு இருந்தீங்க.”

அவன் வாசல்படியிலேயே நின்றான். “மச்சான் பேசுனதக் கேட்டியா?”

பயற்றங்காய் கொஞ்ச நேரம் வேகமாக நறுக்கப்பட்டது. “கேட்டேன்,” என்றாள்.

லியோனலின் அழைப்பு வருவதற்கு வெகுநேரமானது. காரணம், அவர் பேச்சை நிறுத்தவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக் கடைசிவரை பேசி, நன்றி வணக்கம் சொல்லி முடித்திருக்கிறார். பக்கத்தில் இருந்த அலுவலக ஊழியர்களில் ஒருவருக்கும் சொல்லத் துணிவு வரவில்லை.

“எப்படி மாப்ள பேச்சு? கைத்தட்டலே கேக்கல?”

“லைன் கட்டாயிடுச்சு மச்சான்.”

“அட! எந்த எடத்துல?”

“ஜனவரியில.”

“அய்யோ, முக்கியமான எடமாச்சே. ரவாங்ல லைன் மோசம்லா. சரி விடு. கிறிஸ்மஸ் சாப்பாட்டுல சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்கல்ல? அங்க சொல்லிடறேன். இன்னும் நல்லா இருக்கும்.”

6

வகுப்பு அன்றே செத்திருக்க வேண்டும். நானும் இரங்கல் பத்தி ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அப்போது சீதாலெட்சுமி அழைத்தார்.

“சார், அந்த டத்தோவ எப்படி சார் நிறுத்துனீங்க?”

“நான் நிறுத்தலம்மா. அது ஃப்ரீ அக்கவுண்ட்.”

“சும்மா சொல்லாதீங்க சார். சரியா அந்த எடத்துல எப்படி கட்டாகும்? எனக்கு அத மட்டும் சொல்லிக் கொடுங்க, போதும். எங்க தலைவருக்கு வேணும்.”

கிளாரன்ஸ் மறுத்தான். மறுப்பதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் பாயின் கல்லா அந்தச் செய்தியைக் கிள்ளான் முழுக்கப் பரப்பியிருந்தது. தலைவர்களால் அவதிப்படும் செயலாளர்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. இம்முறை கட்டணம் உண்டு என்று சொல்லியும் சேர்ந்தார்கள்.

“இன்னிக்கு யாரு திறந்து வைக்கிறா?” என்றாள் பெர்னடெட், கைப்பேசியை உப்பு ஜாடியில் சாய்த்தபடி.

“நான்தான்,” என்றான் கிளாரன்ஸ்.

நேராக ஆரம்பித்தான். பாயைப் பேசச் சொன்னான். பாய் தொண்டையைச் செருமி, “எங்கள் உணவகத்தின் வளர்ச்சிக்குத் துணை நின்ற அனைவருக்கும் —” என்று எடுத்தார்.

“பாய், உங்க கடையில ‘அனைவரும்’னு யாரும் வேல செய்றாங்களா?”

“இல்லியே.”

“அப்ப பேரச் சொல்லுங்க. முதல்ல யாரு? யாரு இல்லன்னா நாளைக்குக் கடையத் தொறக்க முடியாது?”

பாய் யோசித்தார். பிறகு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “முத்து பீவி, கொஞ்சம் இங்க வாம்மா.”

கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். ஏதோ புகார் என்ற முகம். பாய் கைப்பேசியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். “வெள்ளம் வந்தப்ப முட்டியளவு தண்ணியில நடந்து வந்து சம்பல் கிண்டுனல்ல? அன்னிக்கு நான் ஒன்னும் சொல்லல. இப்ப சொல்றேன். ரொம்ப நன்றிம்மா.”

முத்து பீவி கைப்பேசியையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி பாய். வேற ஒன்னும் இல்லியே? அடுப்புல கறி கிடக்கு.” போய்விட்டார். போகும்போது முந்தானையைத் தேவையில்லாமல் ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

படம் காட்டாமல் இருந்தவர்களில் இரண்டு பேர் படத்தைப் போட்டார்கள்.

பிறகு சீதாலெட்சுமிக்கு அந்த ஆயுதத்தைச் சொல்லிக் கொடுத்தான். “தலைவர் பிடுங்குறதுக்கு முன்னாடி நீங்க நன்றி சொல்லிடுங்க. ‘என்னை முழுசாப் பேச விட்ட தலைவர் அவர்களுக்கு நன்றி’ன்னு ஆரம்பிங்க. கைதட்டுனப்புறம் அவரு எப்படிப் பிடுங்குவாரு?” அதற்கடுத்த வாரம் கழிப்பறைக் கதவின் புகைப்படம் ஒன்று அவனுக்கு வந்து சேர்ந்தது. புதுக் கதவு. பச்சை வண்ணம்.

இரண்டாம் வகுப்பு வெகுநேரம் ஓடியது. கிளாரன்ஸுக்கு முடிந்த பிறகுதான் அது உறைத்தது.

“இன்னிக்குக் கட்டாகலியே பெர்னி?”

“பணம் கட்டியாச்சு.”

“எப்ப?”

“கட்டியாச்சுன்னா கட்டியாச்சு. தட்ட எடுத்து வைங்க.”

7

இனி முடிவு. சில முடிவுகளை எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று: கிளாரன்ஸ் உலகப் புகழ் பெறுகிறான். கனடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாணவர்கள் குவிகிறார்கள். அவன் தூங்கும்போதும் காசு — இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் தூங்கும்போது குறட்டைதான் வரும்.

இரண்டு: ஜனவரி. காலை ரயில். ரவாங். ஃபோட்டோஸ்டேட் இயந்திரத்தின் சூடு முழங்கையில் படுகிறது. மச்சான் கடந்து போகும்போது தோளைத் தட்டி — இதை என்னால் முடிக்க முடியவில்லை. முடியாது என்பதல்ல, நடக்கக்கூடியது என்பதால் முடிக்கவில்லை.

மூன்றாவதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. வகுப்பிலிருந்து வருகிற வருமானம் வங்கிச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் வருகிறது. ரவாங்கில் கிறிஸ்மஸ் விருந்து. நீள மேசை. ஆட்டுக்கறி சுற்றி வருகிறது. சொந்தங்கள் எல்லாம் இருக்கிறார்கள். பெர்னடெட் மேசையின் அந்தப் பக்கம், யாருக்கோ சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறாள். லியோனல் கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டுகிறார். எழுகிறார்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நம்ம மாப்பிள்ள விஷயமா ஒன்னு சொல்லணும். ஜனவரியிலேர்ந்து —”

மச்சான் மூச்சு வாங்குகிறார். நல்ல இடம்.

கிளாரன்ஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறான். தள்ளுகிற சத்தம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவன் எழுந்து நன்றி சொல்லி மச்சானை நிறுத்துகிறானா, அல்லது தண்ணீர் எடுக்கப் போகிறானா என்பதை நான் எழுத மாட்டேன். இத்தனை தூரம் வந்த நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுந்து பேசுகிறான் என்று வைத்தால், யாரிலிருந்து ஆரம்பிப்பான் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். கடைசியிலிருந்து ஆரம்பிப்பவன் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அவன் மனதில் இப்போது இருக்கும் முதல் வரி எனக்குத் தெரியும். ‘அன்று என் மானத்தைக் காப்பாற்றிய அந்த இலவசக் கணக்குக்கு முதல் நன்றி’ என்று வேடிக்கையாகத் தொடங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பெர்னடெட் அந்தக் கணக்குக்குப் பணம் கட்டியது முதல் வகுப்புக்கு முந்தின வாரம்.